வெள்ளைத் தாளுக்கு மஞ்சள் வைத்துத் தொடங்குங்கள்: ஆர்ட் ஜர்னல் போடப் பயப்படுபவர்களுக்கு

எங்கள் வீட்டு பீரோவில் நான்கு வருடம் ஒரு நோட்டு படுத்திருந்தது. அத்தை மகள் சென்னையிலிருந்து வாங்கி வந்தது. கெட்டி அட்டை, பால் மாதிரி வெள்ளைத் தாள், தடவினால் காடாத் துணி போல ஒரு சொரசொரப்பு. "உனக்குத்தான் கலர்னா உயிராச்சே, வரை" என்று கொடுத்துவிட்டுப் போனாள். நான் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டேன். எப்போதாவது கையில் எடுப்பேன், முதல் பக்கம் கெட்டுப்போனால் முழு நோட்டும் கெட்டுப்போன மாதிரிதானே என்று தோன்றும், மறுபடியும் உள்ளே போய்விடும்.

இந்தப் பயம் எனக்கு எங்கே பிடித்தது என்று தெரியும். பதினொன்றாம் வகுப்பு, தாவரவியல் ரெக்கார்டு நோட்டு, செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றம். சூல்பை சரியாக வரவில்லை என்று அழித்து அழித்து வரைந்ததில் தாள் பஞ்சு போல எழும்பிவிட்டது. டீச்சர் அந்தப் பக்கத்தைக் கிழித்து என் கையிலேயே கொடுத்தார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் "எனக்கு வரைய வராது" என்பதுதான் பதில். படிக்கிற உங்களிடமும் இப்படிக் கிழிந்த ஒரு பக்கம் இருக்கலாம்.

ஆனால் அதே கைதான் மார்கழி முழுக்க, வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெரு விழிக்கும் முன்பே எழுந்து, சாணம் தெளித்த வாசலில் பதினைந்து புள்ளி வைத்துக் கோலம் போட்டது. ஒரு நாள்கூட நடுங்கவில்லை. ஒரு சுழி தப்பிப்போய் நான் நிமிர்ந்து பார்த்தால், திண்ணையில் இருந்து ஆயா சொல்லும்: "தப்பாப் பூட்டா இன்னாடி? காலையில பெருக்கிட்டு வேற போடப் போற."

எனக்கு இது புரிய இவ்வளவு வருடம் ஆனது. நமக்குப் பயம் 'படம்' என்கிற சொல்லிடம்தான், அலங்காரத்திடம் இல்லை. கோலம் போடுகிறோம், பூ கட்டுகிறோம், மருதாணி வைக்கிறோம், பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடிக்கிறோம், ஆயுத பூஜைக்கு சைக்கிளுக்குக்கூடப் பொட்டு வைக்கிறோம். இதில் எதற்கும் "எனக்கு வராது" என்று யாரும் ஒதுங்குவதில்லை. அதனால் ஆர்ட் ஜர்னல், அதாவது நிறமும் படமும் ஒட்டிய துண்டுகளும் ஓரிரு வரியுமாக நாளுக்கு நாள் நிரப்புகிற நோட்டு, தொடங்க நினைக்கிறவர்கள் வரைவதை விட்டுவிட்டு அலங்கரிப்பதில் இறங்குங்கள். படம் வரும்போது வரட்டும். கீழே எழுதியிருப்பது முழுக்க நான் செய்து பார்த்தது.

நோட்டு

விலை உயர்ந்த நோட்டு வேண்டாம். பீரோவில் தூங்கும் நோட்டை அங்கேயே விடுங்கள், அதன் நேரம் வரும். ஜனவரியில் கடைக்காரர்கள் கொடுக்கிற டைரி ஒன்று எல்லார் வீட்டிலும் கிடக்கும், பால் கணக்கு நான்கு பக்கம் எழுதி நின்று போயிருக்கும். அது போதும். ஏற்கெனவே எழுத்து இருப்பதுதான் அதன் சிறப்பு, அதைக் கெடுக்க முடியாது.

இல்லை, நானே தைத்துக்கொள்கிறேன் என்றால் அது இன்னும் நல்லது, சொந்தக் கையால் தைத்த நோட்டின் மேல் பயம் பாதி குறைந்துவிடும். எட்டு ஏ4 தாளை ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். பதினாறு இலை, முப்பத்திரண்டு பக்கம். மடிப்பின் மேல் கோணி ஊசியால் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலிருந்தும் கீழிருந்தும் இரண்டு விரல் தள்ளி ஒவ்வொன்று. கெட்டியான நூலை ஊசியில் கோத்து உள்பக்கமிருந்து நடுத் துளை வழியாக வெளியே விடுங்கள், நுனியைக் கொஞ்சம் உள்ளே விட்டு வையுங்கள். வெளியே வந்த நூல் மேல் துளை வழியாக உள்ளே போகட்டும். உள்ளே நடுத் துளையைத் தாண்டி நேராகக் கீழ்த் துளைக்குப் போய் வெளியே வந்து, மறுபடியும் நடுத் துளை வழியாக உள்ளே. இப்போது இரண்டு நுனியும் உள்ளேதான் இருக்கும், நடுவில் ஓடுகிற நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக வைத்து முடிச்சுப் போடுங்கள். பத்து நிமிட வேலை.

தாளின் கனம் பற்றி ஒரு வார்த்தை. ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அளவில் இருக்கும், தண்ணீர் பட்டால் அலையலையாகச் சுருளும். வாட்டர்கலர் தாள் 300 வரை போகும், விலையும் அப்படித்தான். நான் செய்வது, மெல்லிய தாள் இரண்டை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பக்கமாக்குவது. ஃபெவிகால் நிறையத் தடவினால் சுருங்கும், பழைய ஏ.டி.எம். கார்டால் வழித்து மெல்லிசாகப் பரப்ப வேண்டும். ஒட்டியதை வெயிலில் வைக்காதீர்கள். நம் ஊரை வெயிலூர் என்றே சொல்கிறார்கள், மே மாத மொட்டை மாடியில் ஐந்து நிமிடத்தில் காய்ந்து அப்பளம் போல வளைந்துவிடும். நிழலில், அரிசி டப்பாவுக்கு அடியில் ஓர் இரவு.

அட்டையில்தான் முதல் வேலை

உள்ளே எதுவும் எழுதுவதற்கு முன் அட்டைக்குத் துணி போர்த்துங்கள். அட்டையில் யாரும் படம் எதிர்பார்ப்பதில்லை, அதனால் கை தானாக வேலை செய்யும். எனக்குக் கிடைத்தது அப்பாவின் பழைய குடியாத்தம் கைலி. துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகியிருந்தது, ஆனால் கட்டத்தின் நீலம் மட்டும் போகவில்லை. அந்தக் கட்டத்தின் கோடுகளே வெட்டுவதற்கு அளவுகோல் மாதிரி உதவியது. ஆரணிப் பட்டின் கிழிந்த கரை, தையற்காரர் வீசும் ரவிக்கைத் துண்டு, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவர் வீட்டில் இருந்தால் தோல் துண்டு, எதுவும் சரிதான்.

பசைக்கு இரண்டு ஸ்பூன் மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டினால் கண்ணாடி போல மாறும், அப்போது இறக்கிவிட வேண்டும். பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். அட்டையைச் சுற்றி ஒரு விரல் துணி கூடுதலாக விட்டு வெட்டி, நான்கு மூலையையும் சாய்வாகக் கத்தரித்துவிட்டு உள்ளே மடித்து ஒட்டுங்கள். மூலையைக் கத்தரிக்காமல் மடித்தால் அங்கே துணி புடைத்துக்கொண்டு அட்டை மூடாது.

துணி காய்ந்ததும் அதன் மேல் ஒரு சேஃப்டி பின் அளவு அலங்காரம் போதும். கழன்ற சட்டைப் பொத்தான், ஜரிகை நூல், குஞ்சம். என் அட்டையில் குடியாத்தம் தீப்பெட்டி ஒன்றின் மேல் ஒட்டியிருந்த படம்தான் இருக்கிறது.

மஞ்சள்

நோட்டைத் திறக்கும்போது நெஞ்சு படபடக்கும் இடம் இதுதான். இங்கே நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற ஒரு பழக்கத்தைக் கடன் வாங்கினேன். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் என்ன செய்கிறோம்? நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுகிறோம். புதுச் சட்டை, புதுக் கணக்கு நோட்டு எல்லாவற்றுக்கும் அப்படித்தான். அதைப் பார்த்து யாரும் கறை என்று சொல்வதில்லை. அதே மாதிரி உங்கள் நோட்டின் எல்லாப் பக்கத்துக்கும் மூலையில் ஒரு விரல் மஞ்சள் வைத்துவிடுங்கள். மஞ்சள் வீட்டில் வழக்கமில்லை என்றால் டீ டிகாஷன், அதில் பஞ்சை நனைத்து ஒற்றி எடுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே உட்காரலில். முடித்ததும் புரட்டிப் பாருங்கள், வெள்ளைப் பக்கம் என்று ஒன்றுகூட இருக்காது.

நம் வடாற்காட்டில் தெருக்கூத்து பார்த்திருப்பீர்கள். வேஷம் கட்டுகிறவர் வெறும் முகத்தில் மீசை வரைவதில்லை. முதலில் முகம் முழுக்க அரிதாரம் பூசி அடிநிறம் ஏற்றுகிறார், அதன் மேல்தான் புருவம், மீசை, கன்னத்தில் வெள்ளைப் புள்ளிகள். பக்கத்துக்கும் அடிநிறம் ஏறிவிட்டால் மேலே எது வைத்தாலும் உட்கார்ந்துவிடும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன், இதை மட்டுமாவது இன்றைக்கே செய்து பாருங்கள். அரை ஸ்பூன் மஞ்சள் தூளைக் கால் டம்ளர் தண்ணீரில் கலந்து ஒரு பக்கம் முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். தண்ணீருக்குப் பதில் தண்ணீர் மாதிரி இருக்கும் சானிடைசரில் கலக்கினால் நிறம் இன்னும் ஆழமாக இறங்கும், அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைப் பட்டாணி அளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவான நீரை மட்டும் ஒரு மூடியில் ஊற்றிக்கொள்ளுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனி ஒரு வேப்பங்குச்சியை அதில் தோய்த்து மஞ்சள் பக்கத்தில் இழுங்கள். குச்சியில் நிறமே இல்லை, ஆனால் இழுத்த இடத்தில் ரத்தச் சிவப்பில் ஒரு கோடு எழும்பும். ஆரத்தித் தட்டில் நடக்கிற அதே வேலைதான், மஞ்சள் காரத்தைத் தொட்டால் சிவக்கும். குச்சியில் எவ்வளவு நீர் தங்கியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது, அதனால் கோடு ஓரிடத்தில் மெலிந்து இன்னோர் இடத்தில் பரவி ஓடும், நீங்கள் நினைத்த மாதிரி வரவே வராது. நான் முதலில் இழுத்தது ஒரு கொடி. கொடி என்று தொடங்கினேன், பரவியதில் அது பாலாறு மாதிரி ஆகிவிட்டது, மழைக்காலத்தில் எப்போதாவது தண்ணீர் வரும்போது மணல் திட்டுகளுக்கு நடுவே பிரிந்து பிரிந்து ஓடுமே, அப்படி. அதை அப்படியே விட்டுவிட்டேன். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் அந்த இடம் மறுபடி மஞ்சளாகத் திரும்பும், அதில் திட்டுத் திட்டாக மணல்மேடும் வைத்தேன்.

காயக் காயச் சிவப்பு மங்கும். வேட்டியில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் போட்டால் போய்விடும் இல்லையா, நோட்டைத் திறந்தே வைத்தால் இந்த மஞ்சளும் அப்படித்தான் வெளுக்கும். எனக்கு இது குறையாகவே படவில்லை. நிற்கப்போவதில்லை என்று தெரிந்தால் கை தைரியமாகப் போகிறது, வாசலில் போன மாதிரி.

பிறகு புள்ளி வைக்கலாம்

"5 புள்ளி, ஊடுபுள்ளி, 3-ல் நிறுத்தவும்" என்று பத்திரிகைகளில் போட்டிருப்பார்களே, அதையே நோட்டில் வையுங்கள். நடு வரிசையில் ஐந்து, மேலும் கீழும் இடைவெளிகளுக்கு நேராக நான்கு, அப்புறம் மூன்று. ஜெல் பேனாவால் கோட்டை இணையுங்கள். கோடு முடிந்ததும் உள்ளே நிறைய அறைகள் கிடைக்கும். ஒவ்வோர் அறையையும் ஒவ்வொரு விதமாக நிரப்புங்கள்: ஒன்றில் குறுக்குக் கோடு, ஒன்றில் குட்டிக் குட்டி வட்டம், ஒன்றில் குங்குமம், ஒன்று வெறுமையாக. இதை நான் ரொம்ப நாள் 'சும்மா நிரப்புவது' என்றுதான் நினைத்தேன், ஆனால் இருபது அறை நிரப்பியதும் எனக்குப் பிடித்த நிறச்சேர்க்கை எது, எந்த இடத்தில் கை அவசரப்படுகிறது என்று எல்லாம் தெரிய வந்தது. அம்மாவின் பழைய கோல நோட்டு வீட்டில் இருந்தால் தேடி எடுங்கள். சிலிண்டர் தேதி ஒரு ஓரம், சீட்டுக் கணக்கு ஒரு ஓரம், நடுவில் எட்டிதழ்த் தாமரை. ஆர்ட் ஜர்னல் என்கிற பேர் நமக்கு வருவதற்கு முன்பே அவர்கள் வைத்திருந்தது அதைத்தான்.

ஒட்டுவதற்குப் பொருள் தேடிப் போக வேண்டியதில்லை. பஸ் டிக்கெட், மல்லிகைப்பூ கட்டி வந்த வாழைநார், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயின் காம்பை நறுக்கி வர்ணத்தில் தொட்டு வைத்த அச்சு, மருந்துக்கடைக் கவர். சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருக்களில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்திலும் போர்டு இருக்கும், அந்த வளைவுகளைப் பார்த்து எனக்கு ஆசை வந்து, ஒரு லாட்ஜ் நோட்டீஸைப் பொடிப்பொடியாகக் கிழித்துப் பக்கத்தின் ஓரம் முழுக்கக் கரை போல ஒட்டினேன். படிக்கத் தெரியாத எழுத்து என்பதால் அது வெறும் அழகாக மட்டுமே நிற்கிறது. கத்தரிக்கோல் வேண்டாம், கையால் கிழியுங்கள். கிழித்த ஓரத்தில் நார் தெரியும், ஒட்டினால் பக்கத்தோடு கரைந்துபோகும்.

எழுதவும் வேண்டும், ஆனால் ஒரே ஒரு வரி. மனதில் இருப்பதை எழுதி அதன் மேலேயே வர்ணம் பூசி மூடிவிடலாம், யாரும் படிக்கப் போவதில்லை. அந்த ரெக்கார்டு நோட்டு விஷயத்தை நான் அப்படித்தான் எழுதினேன், எழுதி அதன் மேல் செம்மண் கரைத்துப் பூசினேன். அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓரிரண்டு எழுத்து இன்னும் தெரியும்.

நேரம் என்று பார்த்தால் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம். எனக்கு அது குக்கர் வைத்த பிறகு. அதிக நேரம் உட்கார்ந்தால் 'நன்றாக வர வேண்டும்' என்கிற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முதல் பக்கத்திலும் தொடங்காதீர்கள், நோட்டை எங்கேயாவது திறந்து அங்கே செய்யுங்கள். முக்கியமாக ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், யாருக்கும் காட்டாதீர்கள். ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். பாராட்டு வந்தாலும் கெடுதல்தான், அடுத்த பக்கம் அந்தப் பாராட்டுக்காகவே செய்யத் தோன்றும்.

வெளியே போய்ப் பார்க்க

இருபது பக்கம் ஆனதும் நோட்டை எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் தாவும் குதிரையையும் யாளியையும் பார்த்தால் முதலில் மலைப்புதான் வரும், பதினாறாம் நூற்றாண்டுச் சிற்பியின் கைக்கு முன்னால் என் கை எங்கே என்று. முழுத் தூணை விடுங்கள். குதிரையின் கழுத்தில் கிடக்கிற மணிச்சரம் மட்டும், அல்லது தூணின் அடியில் ஓடுகிற ஒரே ஒரு பட்டை. அலங்காரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அப்படி ஒரு மணியை வரையப் போய் பக்கம் முழுக்க மணியாக வரைந்துவிட்டேன், அது நான் முதன்முதலில் 'பார்த்து வரைந்த' படம் என்பதே வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. தாளை வைத்துத் தேய்த்து அச்சு எடுக்கும் ஆசை வரும், சிற்பத்தின் மேல் அதைச் செய்யக் கூடாது. வீட்டில் அரச இலையில், காசில் செய்து பாருங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆர்மாமலை இருக்கிறது, 2019 வரை வேலூர் மாவட்டம், இப்போது திருப்பத்தூர். எட்டாம் நூற்றாண்டுச் சமணர் குகை. ஓவியம் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது, பாறையில் ஒட்டிக்கொண்டிருப்பது வர்ணத் துண்டுகள்தான். அந்தத் துண்டுகளின் நிறத்தை மட்டும் நோட்டில் புள்ளி புள்ளியாக எடுத்து வந்தால்கூட ஒரு பக்கம் நிறைந்துவிடும்.

சிக்கல்கள் சில வரும். ஒட்டிக்கொண்டே போனால் நோட்டு வயிறு உப்பி மூடாது, அதனால் டைரியில் செய்கிறவர்கள் மூன்று இலைக்கு ஓர் இலையை, தையலுக்கு ஒரு விரல் தள்ளி, முன்பே கிழித்துவிடுங்கள். அக்ரிலிக் வர்ணம் காய்ந்த பிறகும் எதிர்ப் பக்கத்தோடு ஒட்டும், நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். ஸ்கெட்ச் பேனா பின்பக்கம் ஊறினால், ஊறிய புள்ளிகளையே அடுத்த கோலத்துக்குப் புள்ளியாக்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சுத்தமாகப் பிடிக்காமல் போனால் கிழிக்க வேண்டாம், மேலே தாள் ஒட்டுங்கள், அல்லது அடர்த்தியாக டிகாஷன். கிழிப்பதை மட்டும் நான் செய்வதே இல்லை.

மைதாப் பசை போட்ட நோட்டுக்கு வெள்ளிப்பூச்சி தேடி வரும். துணிப்பையில் போட்டு உள்ளே ஒரு துண்டு வசம்பு வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். என் பீரோவில் இப்போது வசம்பு வாசனையோடு மூன்று கைலி நோட்டு இருக்கிறது. அத்தை மகள் கொடுத்த நோட்டின் உறையைப் போன மாதம் பிரித்து மூலைக்கு மூலை மஞ்சள் வைத்துவிட்டேன், இன்று காலை அதில் பதினேழாம் பக்கத்தில் ஒரு செம்பருத்தி இருக்கிறது, சூல்பையோடு.